சோற்றுக்கை

வாக்குச்சாவடியில் அரசியல் சட்டக் கேள்விக்குப் பதில் சொன்னவர்களுக்கு இடது விரலில் மை வைத்து ஓட்டுப்போட விட்டார்கள். சொல்லத் தெரியாதவர்களுக்குச் சோற்றுக்கை விரலில் மை வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சகாயமேரி எலுமிச்சை தேய்த்தாள், சாம்பல் தேய்த்தாள், மண்ணெண்ணெயும் ஊற்றிப் பார்த்தாள். தோல்தான் எரிந்தது. ஒரு மாதமாகத் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த புருஷன் இனி ஆயுசுக்கும் குத்திக்காட்டுவானே! விடிந்ததுமே ஓட்டுப்போடப் போன பாக்கியநாதன் மத்தியானம்தான் வந்து தட்டின் முன் உட்கார்ந்தான். அவள் வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு இடது கையால் சோறு போட்டாள். அதற்குக்கூட அவன் ஒன்றும் சொல்லவில்லை. மடியில் கிடந்த துண்டுக்கடியிலிருந்து வலது கையை வெளியே எடுக்கவும் இல்லை.

"ஆறிடப் போகுது, சாப்பிடுங்க" என்றாள்.

சோற்றைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்: "ஸ்பூன் இருந்தா ஒண்ணு எடேன்."