குழாயடி ஜெபம்

நிலநடுக்கத்தில் பாதி சரிந்த பள்ளிக்கூடத்தின் முன்னால் தண்ணீர் லாரி நிற்கிறது. அதிலிருந்து இறங்கிய ஊழியக் குழுவின் நர்ஸ் தோள்பையைக்கூடக் கழற்றாமல் லாரிக் குழாயைப் பிடித்தபடி நிற்கிறாள். "முதல்ல தண்ணிய குடுத்துடலாமே பாஸ்டர்" என்று அவள் கேட்டதற்கு, "ரெண்டே நிமிஷம் சிஸ்டர், ஜெபம் பண்ணாம எதையும் தொடக்கூடாது" என்றார் பாஸ்டர். கால் மணி நேரம் ஆகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு உலகம் உண்டானதிலிருந்து ஆரம்பித்தவர் இன்னும் பைபிளில் வரும் பெருவெள்ளத்தையே தாண்டவில்லை. குழுவினர் மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் தலை குனிந்திருக்கிறார்கள். எதிரே காலிக் குடங்களோடு, சிமென்ட் தூசி படிந்த முகங்களோடு நீண்ட வரிசை. முதலில் நிற்கும் தாய், குழந்தையின் வெடித்த உதட்டைத் தன் எச்சிலால் ஈரமாக்குகிறாள். குழாய் முனையில் தொங்கிய சொட்டு விழுகிறது. மண் அதைக் குடித்துவிடுகிறது. குழந்தை அந்த மண்ணையே பார்க்கிறது. "மேலும் ஆண்டவரே..." என்று பாஸ்டர் மூச்சு வாங்கும் இடைவெளியில் நர்ஸ் தொண்டை கிழியக் கத்துகிறாள்: "ஆமென்!" பழக்க தோஷம், குனிந்த தலைகள் அத்தனையும் ஒரே குரலில் "ஆமென்" என்கின்றன. பாஸ்டரின் வாயும் தன்னையறியாமல் சொல்லிவிடுகிறது. அவர் கண்ணைத் திறக்கும்போது முதல் குடம் பாதி நிறைந்திருக்கிறது.