வாய்வுக்காரி

மாப்பிள்ளையும் தரகரும் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்த நேரம் பார்த்துத்தான் அந்தச் சத்தம் வந்தது.

‘பொர்ர்ர்’ என்று, நீளமாக.

பழக்கதோசத்தில் தரகர் கந்தப்போடி கதிரையை விட்டிறங்கிக் குப்புறப் படுக்கப் போனார். செல் குண்டும் இல்லை, ஹெலிகொப்டரும் இல்லை என்று விளங்கியதும், விழுந்த சால்வையைத் தேடுகிறவர் போல நடித்துக்கொண்டு எழும்பினார்.

“நாந்தான்,” என்றாள் மணப்பெண் அன்னப்பூரணி, தட்டத்தை ஏந்தியபடியே. “மத்தியானம் மரவள்ளிக் கிழங்கு திண்ட நான். வாய்வு.”

தாய் இலட்சுமிப்பிள்ளைக்குக் காலடி மண் பிளந்தால் நல்லது போலிருந்தது. மகளுக்கு முப்பத்தொன்று. சீதன வீட்டுக்கு ஓடு போட்டு நாலு வருசம். வந்து குந்த ஒரு ஆண்பிள்ளை இல்லை. ஊர்ப் பொடியன்களில் பாதி இயக்கத்தில் சேர்ந்து காட்டுக்கும் மீதி வெளிநாட்டுக்கும் போய்விட்ட காலம். வாவிக்கு அக்கரையில் படிப்பிக்கும் இராசதுரை வாத்தியார் தானாகக் கேட்டு வந்த சம்பந்தம் இது. அவரோ முகம் செத்து, தேத்தண்ணியும் குடிக்காமல் எழும்பிப் போனார்.

படலை சாத்தியதும் தாய் தொடங்கினாள். விட்டதுதான் விட்டாய், வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் பழியைக் கந்தப்போடியார் தலையில் போட்டிருக்கலாமே என்றாள். களுவாஞ்சிக்குடி முழுக்க இனி உனக்கு வாய்வுக்காரி என்றுதான் பேர் என்றாள். அம்மனுக்கு வைத்த நேத்தியெல்லாம் காற்றோடு போயிற்றே என்றாள். சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் பொருத்தம் உறைத்தது, திரும்பவும் அழுதாள்.

அழுகை ஓயுமுன் வாசலில் சைக்கிள் மணி. கந்தப்போடி.

“மாப்பிள்ளைக்கு முழுச் சம்மதமாம். வைகாசியில வைப்பமாம். எனக்கெண்டா ஒண்டும் விளங்கல்ல.”

இலட்சுமிப்பிள்ளை மகளை அறைக்குள் இழுத்தாள். “என்ன புள்ள செய்த நீ?”

“அது என்ர சத்தமில்லம்மா. அவர்ர.”

வாத்தியாருக்குச் செல் துண்டு பட்டுக் குடலை வெட்டி, வயிற்றுப் பக்கம் அள்ளையில் ஒரு வழி வைத்துப் பை கட்டிவிட்டிருக்கிறார்கள் என்று சொன்னாள். கழிவெல்லாம் அந்தப் பைக்குள்தான். அது நினைத்த நேரம் சத்தம் போடும். மனிசன் அடக்க ஏலாது. அன்னப்பூரணியும் அக்கரைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தோணியில் போகிறவள். தோணித்துறையில் ஆமிக்காரன் அவரைச் சட்டையைத் தூக்கச் சொன்ன அன்று, சனம் பார்க்காமல் குடையை விரித்து மறைத்தவள் அவள்தான். ஒரு வருசமாகப் போக்குவரத்து இருவருக்கும் ஒரே தோணியில்.

“தன்ர வாயாலேயே உங்களிட்டச் சொல்லத்தான் இண்டைக்கு வந்தவர். பை முந்திற்று. உங்களுக்கு முன்னால அவர் தலை குனிஞ்சிரிக்கிறத என்னால பார்க்க ஏலாமப் போயிற்றும்மா.”

இலட்சுமிப்பிள்ளை அறைக் கதவைச் சாத்தினாள். பிறகு, சுவருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்:

“பை கட்டின மனிசன்… புருசன் பெண்சாதியா இரிக்க ஏலுமா புள்ள?”

“பைக்கு மேலால துணியை இறுக்கிக் கட்டினா ஒரு கரைச்சலுமில்லம்மா,” என்றாள் அன்னப்பூரணி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அது உனக்கு எப்பிடி…” என்று தொடங்கிய தாய் பாதியில் நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடினாள். கந்தப்போடி சைக்கிளில் ஒரு காலைப் போட்டுவிட்டிருந்தார்.

“அண்ணே, வைகாசி கனதூரம். வாற கிழமைக்குள்ள ஒரு நாளப் பாருங்க.”