பித்தளை மூடி

தினமும் காலையில் தோஹாவிலிருந்து மகள் பேசும்போதெல்லாம், பிலிப்பைன்ஸின் செபு நகரில் தனியாக இருக்கும் எர்லிண்டாவின் இணையம் திணறியது. கேபிள்காரன் ஜுன்ரே அந்த நேரத்துக்கே வந்து மீட்டரை வைத்துப் பார்த்தான்.

"மாடி ரூம்ல கேபிள் முனை தொறந்து கெடக்கும்மா. பக்கத்துல ஷேவிங் மெஷின் ஓடுது, அந்த இரைச்சல் லைன்ல ஏறுது. அய்யாவை வேற ரூம்ல ஷேவ் பண்ணச் சொல்லுங்க."

கணவர் பொன்சியானோவைப் புதைத்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

"அவரு என்னைக்கு என் பேச்சைக் கேட்டாரு?" என்றாள் எர்லிண்டா.

ஜுன்ரே அந்த முனையில் பித்தளை மூடியைத் திருகிவிட்டுப் போனான். மறுநாள் மகளின் முகம் பளிச்சென்று தெரிந்தது. பேசி முடித்ததும் வீடு ஓய்ந்து கிடந்தது.

அடுத்த நாள் எர்லிண்டா மாடியேறி மூடியைக் கழற்றினாள். அவர் முகம் மழிக்கும் கண்ணாடிக்குக் கீழே துவைத்த துண்டொன்றை வைத்துவிட்டு இறங்கினாள்.

மகளின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது.

"அம்மா, இன்னும் சரியாகலையா?"

"இப்பத்தான் சரியாச்சு," என்றாள் எர்லிண்டா.