லட்சமாவது ஆள்

"சிடுமூஞ்சி அக்கா இன்னைக்கும் ஆரம்பிச்சிட்டாங்க!" பூங்கொத்தோடு நின்ற சுற்றுலா ஆபீஸ் குமாஸ்தா பல்லைக் கடித்தாள்.

விமான நிலையத்தில் வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்கள் எழுதித் தரும் வருகை அட்டையைப் பார்த்து முத்திரை குத்துவது அக்காவின் வேலை. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பிவிடுவாள். இப்போதும் ஓர் அம்மாளை, "தங்குற விலாசம் எங்கே? எழுதிட்டு வாங்க" என்று ஒதுக்கி நிறுத்தியிருந்தாள். அந்த அம்மாள் பேனாவும் கையுமாக விழித்துக்கொண்டு நின்றாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டுக்கு வந்தவர்கள் நாற்பதாயிரம் பேர். அப்புறம் அறுபது. போன வருஷம் எண்பது. இந்த வருஷம்தான் முதல் தடவையாக லட்சம்.

லட்சமாவது ஆளுக்குக் கடற்கரை ஹோட்டலில் ஒரு மாதம் அறையும் சாப்பாடும் இலவசம். முத்திரை விழுந்தால்தான் கணக்கு.

யாராக இருக்கும்? எந்த நாடாக இருக்கும்? காலையிலிருந்து குமாஸ்தாவுக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

வந்தவர்களின் கணக்கு காட்டும் பலகையில் 99,999.

அடுத்து நின்றவன் முதுகுப்பை மாட்டிய வாலிபன். குமாஸ்தா பூங்கொத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

அக்கா அவன் அட்டையை அப்படியும் இப்படியும் புரட்டினாள்.

"எழுத்து புரியலை. வேற அட்டை எழுதிட்டு வாப்பா."

அவன் நகர்ந்ததும், ஒதுங்கி நின்ற அம்மாளைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். டப்!

பலகையில் 1,00,000. கைதட்டல், போட்டோ. ஒன்றும் புரியாத அந்த அம்மாளைச் சுற்றுலா ஆபீஸ் மேனேஜர் அழைத்துக்கொண்டு போனார்.

குமாஸ்தா விடவில்லை. கவுண்டரில் போய் நின்றாள்.

"அக்கா, இது அநியாயம்! அந்தப் பையன் எழுத்து முத்து முத்தா இருந்துச்சு, நானே பார்த்தேன். அந்தம்மா உங்களுக்கு ஒட்டா, உறவா?"

"எல்லாத்துலயும் உனக்கு மூக்கை நுழைக்கணும்."

"சொல்றீங்களா, மேனேஜர்கிட்ட போகவா?"

அக்கா அந்த அம்மாளின் அட்டையை அவள் பக்கம் தள்ளினாள்.

'வந்த காரணம்: இங்கே வேலை பார்க்கும் மகன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். தங்கும் நாட்கள்: முப்பது. தங்கும் விலாசம்:'

அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

அக்கா அட்டையை வெடுக்கென்று பிடுங்கி, கடற்கரை ஹோட்டலின் பெயரை அதில் நிதானமாக எழுதினாள்.

"கட்டம் காலியா இருந்தா நான் யாரையும் விடமாட்டேன்னு உனக்குத் தெரியாதாடி?"