பேசாம நின்னுடுங்க

“உங்க பொண்ணு தினமும் அந்த மூடாத சாக்கடை ஓரமாத்தான் ஸ்கூலுக்குப் போறா. ஒருநாள் இல்லன்னா ஒருநாள் கால் தவறும். பெத்தவங்க நீங்க, யோசிங்க. பேசாம நின்னுடுங்க.”

போனில் அந்தக் கரகரத்த ஆண் குரல் மூச்சு வாங்கியது. “நான் பேசினது வெளிய தெரிஞ்சா உயிர் தங்காது.” அவ்வளவுதான், வைத்துவிட்டான்.

தையல்காரி வெட்டிக்கொண்டிருந்த யூனிஃபார்ம் துணியில் கத்தரி கோணலாக ஓடிவிட்டது. இத்தனை வருஷத் தொழிலில் அவள் கத்தரி கோணியதே இல்லை.

“மறுபடியும் அவனா?” என்றான் கணவன். பஸ் கண்டக்டர். படியில் தொங்கும் முரடர்களையெல்லாம் அதட்டி உள்ளே ஏற்றுகிறவன், இப்போது வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, போட்டோமா என்று மறுபடியும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான்.

“அவனேதாங்க. நேத்து சொன்னதையே சொல்றான்.”

அவள் ஒன்றும் அரசியல்வாதி அல்ல. தெருச் சாக்கடைக்கு மூடி போடச் சொல்லிக் கவுன்சிலர் வீட்டுக்கு நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். போன மாதம் ஒரு குழந்தை அதில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டது. யார் வீட்டுக் குழந்தை என்பதுகூட வெளியே வராமல் கவுன்சிலர் அமுக்கிவிட்டார்.

அந்தக் கோபத்தில், நகராட்சித் தேர்தலில் அவரையே எதிர்த்து மனுத் தாக்கல் செய்துவிட்டாள். வேறு யாருக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை. அவளும் விலகிக்கொண்டால் கவுன்சிலர் போட்டியே இல்லாமல் ஜெயித்துவிடுவார். சாக்கடை இன்னும் ஐந்து வருஷம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்.

முதலில் பயந்தது கணவன்தான். “என் பொண்டாட்டி விலகிடுவா, எங்களுக்கு எதுக்கு ஊர் வம்பு?” என்று நேற்றுக் காலை பஸ்ஸில் யாரிடமோ சொல்லிவைத்தான். கண்டக்டர் வாயில் விழுந்த சேதி எல்லா ஸ்டாப்பிலும் இறங்கும். சாயங்காலமே முதல் போன் வந்துவிட்டது.

“அதாங்க எனக்குப் புரியல” என்றாள் அவள். “விலகிடுவான்னு நீங்க ஊரெல்லாம் சொல்லியாச்சு. அப்புறமும் எதுக்கு மிரட்டுறாங்க?”

“கையெழுத்துப் போட்டுக் குடுக்கிற வரைக்கும் விடமாட்டாங்க. இத்தோட நின்னுடணும்னு தெளிவாத்தான் சொல்றான். வாபஸ் வாங்க இன்னிக்குத்தான் கடைசி நாள். கிளம்பு.”

“அப்போ சாக்கடை?”

“பொண்ணு முக்கியமா, சாக்கடை முக்கியமா?”

அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்திருந்த மகள், “எனக்குத்தான் ஜுரமே இல்லையேம்மா” என்று சிணுங்கினாள். அவளைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு இருவரும் நடந்தார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவர்களுக்குப் பட்டப்பகலில் பால்காரரின் சைக்கிள்கூடப் பின்தொடர்ந்து வருவதாகப் பட்டது. சாக்கடையைத் தாண்டும்போது அவள் குனிந்து பார்க்கவே இல்லை.

நகராட்சி வாசலில் கவுன்சிலரின் கார் நின்றிருந்தது. அதில் சாய்ந்தபடி அவருடைய டிரைவர். ஊரில் அவனுக்குத் தூண் என்று பேர். உருவமும் அப்படி, வாயும் அப்படி. கவுன்சிலர் பக்கத்தில் நிற்பானே தவிர, அவன் பேசி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

இவர்களைப் பார்த்ததும் தூண் நிமிர்ந்தான். ஓரடி முன்னால் வந்து, தலையை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டினான். அவள் கணவனுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

“பாத்தியா, வாயத் தொறக்கக் கூடாதுங்கிறான்” என்று கணவன் முணுமுணுத்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று படியேறினான்.

உள்ளே கவுன்சிலர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். “யோசிச்சுத்தான் விலகுறீங்களா?” என்று கேட்டார் தேர்தல் அதிகாரி. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கையெழுத்து அவளுடையது மாதிரியே இல்லை.

“நல்ல முடிவும்மா” என்று கவுன்சிலர் சிரித்தார். “பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்?”

வெளியே வந்தபோது தூண் படிக்கட்டின் அடியிலேயே நின்றிருந்தான். ஒதுங்கிப் போக வழியில்லை. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“எழுதிக் குடுத்துட்டேங்க. நீங்க சொன்னபடியே செஞ்சுட்டேன். எங்க பொண்ண மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க.”

தூண் அசையவில்லை. அலுவலக வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டான். கவுன்சிலர் இன்னும் உள்ளேதான் இருந்தார். பிறகு திரும்பிப் போய்க் காரின் முன்கதவைத் திறந்தான். கணவன் அவளைப் பின்னால் இழுத்தான்.

காருக்குள் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். பாதத்திலிருந்து தொடை வரைக்கும் மாவுக்கட்டு.

“எம் பொண்ணு” என்றான் தூண். அதே கரகரத்த குரல்.

“நான் உங்கள எலெக்‌ஷன்ல நிக்கத்தானேக்கா சொன்னேன்.”