சாவடியில் ஒரு போத்தல் தண்ணீர்

‘மூடியைத் திறந்தால் விதிப்படி இந்தத் தண்ணீர் சோதனைக்கு ஆகாது. திறக்காவிட்டால் என்னை உள்ளே போட்டுவிடுவான். உண்மையைச் சொன்னாலோ, பாவம், இவன் முகம் கறுத்துவிடும்.’

அரசாங்க நீர் ஆய்வுகூடத்து ஜெகதீஸ்வரி மனதுக்குள் அல்லாடினாள்.

வெள்ளவத்தை இராணுவச் சாவடியில் நின்ற சிப்பாய் அவளுடைய போத்தலை ஆட்டிப் பார்த்தான். “வெடிமருந்தா? குடித்துக் காட்டு,” என்றான் சிங்களத்தில்.

“ஒரு மிடறுதானே மிஸ், குடியுங்கோவன்,” என்று கெஞ்சினான் சாரதி றேமண்ட். “பிடிச்சு வச்சாங்களெண்டா?”

“கண்ணாடி மாதிரி இருக்கிறது. என்ன பயம்?” சிப்பாய் சிரித்துக்கொண்டே தன் குவளைத் தண்ணீரைக் குடித்தான்.

அவளும் சிங்களத்திலேயே மெல்லச் சொன்னாள்:

“இது காலையில், நீங்கள் காவலுக்கு வருமுன், உங்கள் சாவடிக் குழாயில் பிடித்த தண்ணீர், தம்பி. இரவுக் காவலில் இருந்தவர்களுக்கெல்லாம் வயிற்றோட்டமாம். முடிவு வரும்வரை நான் குடிக்கமாட்டேன்.”