பார்த்த கதை

“இது வேண்டாம்,” என்றாள்.

அவன் ரிமோட்டோடு நின்றான். புதிதாக வந்த கொரியன் தொடர். அவளுடைய அக்கா கோமளா காலையில்தான் போன் செய்து பெயர் சொல்லியிருந்தாள். பவானிக்கு ரொம்பப் பிடிக்கும், போட்டுக் காட்டுங்கள் என்று.

திரையில் பனி பெய்தது. ஒரு பெண் யாரையோ பார்த்துத் திரும்பும் நேரத்தில் படம் நின்றிருந்தது.

“நல்லா இருக்குமாம்.”

“இருக்கட்டும்.”

மதிய வெயில் கட்டில் வரை வந்திருந்தது. அவள் போர்வைக்குள் காலை இழுத்துக்கொண்டாள். அந்த வெயிலிலும் அவளுக்குக் குளிர்ந்தது.

*

கல்யாணமான புதிதில் டிவியில் கொரியன் தொடர்களைத் தமிழ் பேசவைத்துப் போட்டார்கள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றபடி பில் போட்டுவிட்டு வருவாள். வந்ததும் வெந்நீரில் பாதத்தை வைத்துக்கொண்டு டிவி முன் உட்காருவாள். பணக்கார வீட்டுப் பையன், ஏழைப் பெண், மழை, ஒரு குடை. அழுவாள். அழுதுகொண்டே எழுந்து போய்ச் சப்பாத்தி மாவு பிசைவாள்.

“எல்லாருக்கும் ஒரே மூஞ்சியா இருக்கு. இதுல நீ யாருக்காக அழுவுற?” என்பான்.

மாவுக் கையாலேயே அவன் முதுகில் ஒன்று வைப்பாள்.

பிறகு தமிழ்க் குரல் அலுத்தது. அவர்கள் குரலிலேயே கேட்க வேண்டும் என்றாள். கீழே ஓடும் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். கொஞ்ச நாளில் அவனைவிட வேகமாகப் படித்தாள்.

ஒரு கட்டத்தில் காதலும் அலுத்தது.

“கை கோக்குற வரைக்கும்தாங்க காட்டுறாங்க. அதுக்கப்புறம் யாரு அரிசி பருப்பு வாங்குறது, யாரு கேஸ் புக் பண்றது?”

சீன அரண்மனைத் தொடர்களுக்குப் போனாள். எழுபது எபிசோடு, எண்பது எபிசோடு. ராணிகள் ஒருவருக்கொருவர் தேநீரில் விஷம் கலந்தார்கள். அவனும் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். யார் மூத்த ராணி, யார் தோழி என்று அவள் சொல்லிச் சொல்லி அவனுக்கும் முகங்கள் பிடிபட்டன.

ஒரு தொடர் முடிந்தால் அன்றைக்கு அவள் முகம் வாடிவிடும். பாதியில் இருக்கும்போதுதான் சந்தோஷம்.

“இன்னும் நெறைய இருக்குங்க,” என்பாள்.

*

பங்குனியில் வயிற்று வலி வந்தது.

ஸ்கேன் எடுத்த அன்று டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொன்னார். அவனிடமும் கோமளாவிடமும் பேசினார். ஈரல் வரைக்கும் பரவிவிட்டது. இனி அறுத்துப் பயனில்லை. வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு நாள் என்று கோமளாதான் கேட்டாள்.

டாக்டர் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தி வைத்தார்.

கதவைத் திறக்குமுன் இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். ஈரலில் வீக்கம். மாத்திரையில் வற்றிவிடும். கோமளா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் வெளியே போனாள்.

பவானி கேட்டுக்கொண்டாள். மறுகேள்வி இல்லை.

வீட்டுக்கு வந்த வாரமே, பாதி ஓடியிருந்த அரண்மனைத் தொடரை நிறுத்தச் சொன்னாள்.

“ஜவ்வு மாதிரி இழுக்குறான்.”

நிறுத்தினான். சின்னதாக முடிகிற கொரியன் கதை ஒன்று கேட்டாள். அதற்குப்பின் ஜப்பான். ஒருவர் மலையடிவாரத்தில் ரொட்டிக்கடை வைக்கிறார், நாலு பேர் வந்து சாப்பிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான் கதை. கொஞ்ச நாளில் அதுவும் நீளமாகிவிட்டது அவளுக்கு. உட்கார்ந்த உட்காரலில் முடிந்துவிடும் கதையாகத் தேடச் சொன்னாள்.

உடம்பு முடியாதபோது ரசனை மாறும் என்றுதான் அவன் நினைத்தான். சாப்பாட்டிலும் அப்படித்தானே. புளிக்குழம்பு இல்லாமல் சோறு இறங்காதவள் இப்போது கஞ்சியோடு சரி.

“அவ டேஸ்ட்டே மாறிடுச்சு அண்ணி,” என்று கோமளாவிடம் போனில் சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

*

“அப்ப என்னதான் போடுறது, பவானி?”

“ஏற்கெனவே பாத்ததுல எதையாவது போடுங்க.”

“பாத்ததையா? அதோட முடிவு எனக்கே தெரியுமே.”

“அதாங்க,” என்றாள். “முடிவு தெரிஞ்சிருந்தா, நடுவுல விட்டுட்டுப் போனாலும் ஒண்ணும் இல்ல.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்வது போல.

வெளியே யாரோ பைக்கை உதைத்தார்கள். அது கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார்கள்.

யார் சொன்னது என்று அவன் கேட்டிருக்கலாம். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டிருக்கலாம். இத்தனை வாரமும் பொய் தங்குதடையில்லாமல் வந்தது. வீக்கம் வத்திடுச்சு. முகத்துல தெளிவு வந்திருக்கு. அடுத்த மாசம் சமயபுரம் போயிட்டு வந்துடலாம்.

“டாக்டர்தான் சொன்னாருல்ல, வீக்கம்...”

“விடுங்க.”

கட்டிலில் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். அதற்கே மூச்சு வாங்கியது.

ஏதோ ஒன்றைப் போட்டான். எதுவென்று பார்க்கவில்லை. பாட்டு வந்தது. பெயர்கள் ஓடின. யாரோ ஒருத்தி கையில் செருப்போடு பஸ்ஸைத் துரத்தினாள்.

அவன் உட்கார்ந்தான். அவள் கை வந்து அவன் மணிக்கட்டின் மேல் கிடந்தது. எடையே இல்லை.

திரையின் கீழே எழுத்துகள் வந்தன, போயின. அவனால் ஒரு வரியும் படிக்க முடியவில்லை.

அவள் திரையைப் பார்க்கவே இல்லை.

தலையணையில் முகத்தைச் சாய்த்து, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவனுக்குத் தெரிந்தது.

அவன் திரும்பவில்லை.